கிங் பின் புராணம்

கொச்சி மட்டாஞ்சேரியின் கொச்சங்காடியில் லாரியின் ஸ்டியரிங் தொல்லை 1341-ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. லாரி வந்தது அதற்கு அறுநூறு வருஷம் கழித்து. அதனாலென்ன, நம் ஊரில் பள்ளம் முதலில் வரும், ரோடு பிறகுதான் வரும்.

அந்த வருஷம் பெரியாற்றில் பெருவெள்ளம். ஆறு கையும் காட்டாமல் ஹாரனும் அடிக்காமல் ஒரே ஒடியாக ஒடித்துத் திரும்பியது. ரோமானியன் தங்கத்தைக் கொட்டி மிளகு அள்ளிப்போன முசிறித் துறைமுகம் மண்மேடாயிற்று. தெற்கே, யாரும் மனுப் போடாமலே கொச்சிக்குக் கடல்வாய் திறந்தது. கேரள அரசு லாட்டரி தொடங்கியது 1967-ல். கொச்சிக்குப் பம்பர் விழுந்தது 1341-ல்.

பரிசு விழுந்த வீட்டுக்குக் கூட்டம் சேரும். 1344-ல் யூதர்கள் கொச்சங்காடியில் ஒரு ஜெப ஆலயம் கட்டினார்கள். கட்டடம் போய்விட்டது, ஆண்டு பொறித்த கல் மட்டும் பக்கத்துத் தெருப் பரதேசி ஜெப ஆலயத்துக்குக் குடிபோய் இன்றும் சுவரில் இருக்கிறது. 1520-ல் அதே கொச்சங்காடியில் செம்பிட்ட பள்ளி என்ற மசூதி எழுந்தது. செம்புத் தகடு வேய்ந்த கூரையால் வந்த பெயர். குஜராத்தி வந்தார், கொங்கணி வந்தார், தமிழர் வந்தார். வந்தவர்கள் பெரும்பாலும் படகில் வந்தார்கள். சரக்கும் வள்ளத்தில் வந்து, தலைச்சுமையாக இறங்கி, பண்டகசாலைக்குள் போயிற்று. சந்துகளின் அகலம் எப்படி முடிவாயிற்று என்று கேட்டால், மூட்டை தூக்கிய இருவர் எதிரெதிரே வந்து, உடம்பை ஒடுக்கி, ஒருவரையொருவர் திட்டாமல் கடந்துபோகும் அளவு. எதிரே ஒரு லேலண்ட் லாரி வந்தால் என்ன செய்வது என்று 1344-ல் ஒருவரும் யோசிக்கவில்லை. பெரியவர்கள் எதையும் நினைத்துத்தான் செய்வார்கள் என்று பாட்டி சொல்வதெல்லாம் இங்கே எடுபடாது.

இடையே வெள்ளைக்காரர்கள். 1500-ல் கப்ரால் வந்தார். வாஸ்கோ ட காமா வந்து, வந்து, கடைசியில் 1524-ல் கொச்சியிலேயே காலமானார். 1663-ல் டச்சுக்காரன், 1795-ல் ஆங்கிலேயன். எல்லோரும் மிளகை எடை போட்டார்கள். சந்துகளை அளந்து பார்த்தவர் எவருமில்லை. போர்த்துக்கீசியர் மட்டும் மட்டாஞ்சேரியில் 1555-ல் ஒரு அரண்மனை கட்டி வீர கேரள வர்மாவுக்குக் கொடுத்தார்கள். ஒரு கோயிலைக் கொள்ளையடித்த பாவத்துக்குப் பரிகாரம் என்பார்கள். நூறு வருஷம் கழித்து வந்த டச்சுக்காரன் அதைக் கொஞ்சம் பழுதுபார்த்தான். இன்று அதற்குப் பெயர் 'டச்சு அரண்மனை'. கட்டியவன் ஒருத்தன், பெயர் வாங்கியவன் இன்னொருத்தன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டியரிங்கின் சரித்திரமும் இதே வழியில்தான் போகிறது.

நம் மாட்டுவண்டியைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டே சக்கரம். முன் அச்சு கிடையாது. ஆகவே முன் அச்சில் கோளாறும் கிடையாது. ஸ்டியரிங் என்பது மூக்கணாங்கயிறு. பவர் ஸ்டியரிங் என்பது வாலை முறுக்குவது. சஸ்பென்ஷன், கொஞ்சம் வைக்கோல். மாடு படுத்துவிட்டால் வண்டி நிற்கும்; பழுது நீக்க மெக்கானிக் வேண்டாம், பிண்ணாக்கு போதும். இவ்வளவு பூரணமான வண்டியை வைத்துக்கொண்டு நாம் ஆயிரக்கணக்கான வருஷம் நிம்மதியாக இருந்தோம்.

ஐரோப்பியனுக்கு நிம்மதி பிடிக்காது. நாலு சக்கரம் வேண்டும் என்றான். நாலு சக்கரம் வைத்தால் முன் இரண்டைத் திருப்ப வேண்டும். முழு அச்சையும் நடுவில் ஒரு முளையில் மாட்டி, அப்படியே திருப்பினான். திருப்பும்போது முன் சக்கரம் வண்டியின் வயிற்றில் இடிக்கும். இடிக்காமலிருக்கச் சக்கரத்தைச் சின்னதாக்கினான். வளைவில் வேகமாகத் திருப்பினால் தாங்குகிற இடம் குறுகி வண்டி குடை சாயும். கிளியரன்ஸ் தகராறு மோட்டாருக்கு முன்பே பிறந்தது இப்படித்தான்.

இதற்கு முதலில் மாற்று யோசித்தவர் இங்கிலாந்தில் லிச்ஃபீல்டு ஊர் டாக்டர் இராஸ்மஸ் டார்வின். குரங்கிலிருந்து நாம் வந்ததைச் சொன்ன டார்வினுக்குத் தாத்தா. நோயாளிகளைப் பார்க்க ஊர் ஊராக வண்டியில் போகிறவர். அச்சு அப்படியே இருக்கட்டும், இரண்டு சக்கரமும் தனித்தனி முளையில் திரும்பட்டும் என்றார். அருமையான யோசனை. 1768-ல் தாம் வடிவமைத்த வண்டியிலிருந்தே விழுந்து முழங்கால் சில்லை உடைத்துக்கொண்டார். மனிதருக்குக் கிளியரன்ஸ் பிரச்சினை வீட்டிலும் உண்டு. தொந்தி பெரிது, அது இடிக்காமல் உட்காரச் சாப்பாட்டு மேஜையில் அரைவட்டமாக வெட்டி வைத்திருந்தார் என்று கதை. இடிக்கிற பாகத்தைக் குறைக்காமல் இடிபடுகிற பாகத்தை வெட்டும் இந்த முறையைப் பிற்கால லாரிப் பட்டறைகள் பக்தியோடு பின்பற்றின.

டாக்டர் தம் யோசனைக்குக் காப்புரிமை வாங்கவில்லை. 1816-ல் மியூனிக்கின் வண்டித் தச்சர் ஜார்ஜ் லாங்கன்ஸ்பெர்கர் அதையே தம் போக்கில் செய்துமுடித்தார். லண்டனில் பதிவு செய்ய ஆள் வேண்டும். அங்கே படமும் புத்தகமும் விற்றுக்கொண்டிருந்த ருடால்ஃப் ஆக்கர்மன் ஏஜெண்டாக இருந்து 1818-ல் தம் பெயரில் காப்புரிமை எடுத்தார். அவ்வளவுதான் அவர் செய்தது. இன்றுவரை உலகத்துப் பாலிடெக்னிக் மாணவர்கள் எல்லோரும் பரீட்சையில் எழுதுவது 'ஆக்கர்மன் ஸ்டியரிங்'. முழங்கால் உடைந்தது டார்வினுக்கு, கை காய்த்தது லாங்கன்ஸ்பெர்கருக்கு, பெயர் புரோக்கருக்கு.

அதன் சாரம் எளிது. வண்டி இடப்பக்கம் திரும்பும்போது இடச் சக்கரம் சின்ன வட்டம் போடும், வலச் சக்கரம் பெரிய வட்டம் போடும். ஆகவே உள்பக்கச் சக்கரம் கூடுதலாக ஒடிய வேண்டும். இரண்டையும் ஒரே அளவு ஒடித்தால் ஒரு டயர் ரோட்டைத் தேய்த்துக்கொண்டே வரும். இதற்காக இரு சக்கரத்தின் கைகளையும் லேசாக உள்நோக்கிச் சாய்த்து ஒரு தண்டால் இணைத்தார்கள். அந்தத் தண்டுதான் டை ராடு. சக்கரம் திரும்ப ஊன்றி நிற்கும் முளைதான் கிங் பின். ராஜா என்று பெயர் வைத்துவிட்டு லாரிக்கு அடியில், சேற்றில், கிரீஸ் கூட வைக்காமல் நாம் படுக்கப்போட்டிருக்கும் ஒரே ராஜா அவர்தான்.

கார்ல் பென்ஸ் 1886-ல் மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை வாங்கினார். மூன்று சக்கரம். மூன்றை ஏன் நாலாக்கவில்லை என்றால், இரண்டு முன் சக்கரத்தைத் திருப்பும் வித்தை அவருக்குப் பிடிபடவில்லை. ஆக உலகத்தின் முதல் மோட்டார் கார் என்று மியூசியத்தில் வைத்துக் கும்பிடுவது நம்ம ஆட்டோவை. மீட்டர் மட்டும் இல்லை. டார்வினும் லாங்கன்ஸ்பெர்கரும் எப்போதோ போட்டுவைத்த கணக்கைத் தாமாகப் போட்டு விடை கண்டு, 1893-ல் தான் அவர் நாலு சக்கரத்துக்கு வந்தார். அப்போதும் கையில் இருந்தது படகுச் சுக்கான் மாதிரி ஒரு பிடி. வட்டமான ஸ்டியரிங்கை 1894 பாரிஸ்–ரூவான் பந்தயத்தில் வாஷெரோன் என்ற பிரெஞ்சுக்காரர் மாட்டிக்கொண்டு வந்தார். பந்தயத்தில் ஜெயிக்கவில்லை. ஜெயித்தவர் பெயர் யாருக்கு ஞாபகம் இருக்கிறது?

இங்கே கொச்சியில் 1920-ல் ராபர்ட் பிரிஸ்டோ என்ற இன்ஜினீயர் வந்து இறங்கினார். துறைமுக வாயில் ஒரு மணல் திட்டு குறுக்கே படுத்திருந்தது. 1341-ல் ஆறு திறந்துகொடுத்த வாய்தான். ஆனால் பெரிய கப்பலின் அடி தட்டும். இதுவும் கிளியரன்ஸ் கேஸ்தான். பிரிஸ்டோ மணலை வெட்டினார். 1928 மே 26-ல் 'பத்மா' என்ற கப்பல் உள்துறைமுகத்துக்குள் நுழைந்தது. தோண்டிய மண்ணைக் கொட்டியதில் வில்லிங்டன் தீவு முளைத்தது. தீவு வந்தால் பாலம் வேண்டும். தோப்பும்படியில், கப்பல் வந்தால் நடுப்பகுதியைத் தூக்கிவிடும் பாலம் வந்தது. பாலம் வந்ததும் லாரி வந்தது. கப்பலுக்கு வழி பண்ணிய மகாராசன் லாரிக்கும் வழி பண்ணியிருப்பார் என்று நம்பி மட்டாஞ்சேரிக்குள் நுழைந்த லாரிக்கு, சந்து 1344-லேயே நின்றுகொண்டிருந்தது தெரியாது.

வந்த லாரிகளைக் கொஞ்சம் பாருங்கள். இரண்டாம் உலக யுத்தம் முடிந்ததும் ராணுவம் தன் வண்டிகளை ஏலத்தில் தள்ளியது. கனடாவில் ஃபோர்டும் செவர்லேயும் ஒரே அளவுக் குறிப்பில் லட்சக்கணக்கில் செய்த மொண்ணை மூக்கு லாரிகள் அதில் அடக்கம். எஞ்சினை டிரைவரின் மடியில் வைத்தது போலக் கட்டியிருந்தார்கள். பெடலுக்கும் எஞ்சினுக்கும் நடுவே பூட்ஸ் மாட்டிக்கொள்ளும். ஹிட்லரைத் துரத்தச் செய்த வண்டி கேரளத்து மலைக் கூப்புகளில் மரம் இழுத்தது. பாலைவனத்தைத் தாண்டிய சஸ்பென்ஷன் இங்கே பலா மரத்துத் திருப்பத்தில் கண்ணீர் விட்டது.

பிறகு சுதேசி. 1948-ல் ரகுநந்தன் சரண், மகன் அசோக்கின் பெயரில் எண்ணூரில் ஒரு கம்பெனி தொடங்கினார். முதலில் பூட்டியது ஆஸ்டின் கார். லேலண்ட் காமெட் லாரி 1951-ல் வந்தது; முதல் நாலு வண்டியும் மங்களூர் ஓட்டுத் தொழிற்சாலைக்குப் போயின. 1955-ல் அசோக் லேலண்ட் ஆயிற்று. 1954-ல் டாடாவும் பென்ஸும் கைகோத்து ஜாம்ஷெட்பூரில் லாரி செய்தார்கள். 1969-ல் ஒப்பந்தம் முடிந்து மூக்கிலிருந்த நட்சத்திரம் இறங்கியது. நம் டிரைவர்கள் அதற்குப் பிறகும் வெகுகாலம் 'பென்ஸ் லாரி' என்றே சொன்னார்கள். பெயர் விஷயத்தில் நாமும் டச்சு அரண்மனைக்காரர்கள்தான். அதே 1969-ல் அசோக் லேலண்ட் பவர் ஸ்டியரிங் கொண்டுவந்தது. அதுவரை பவர் என்பது டிரைவரின் தோள்பட்டை; ரிவர்ஸ் எடுக்கும்போது கிளீனரின் தொண்டை.

அந்தக் காலத்து லாரி ஒன்று நாமக்கல்லிலிருந்து அரிசியோ வெங்காயமோ ஏற்றிக்கொண்டு, வாளையார் செக்போஸ்டில் வரிசையில் நின்று வயசாகி, பாலக்காட்டைத் தாண்டி மட்டாஞ்சேரிக்குள் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்டியரிங்கைக் கால் சுற்று சுற்றினால்தான் சக்கரம் அசைகிறது. முப்பதைத் தாண்டினால் முன்பக்கம் சாமி வந்ததுபோல ஆடுகிறது. டிரைவர் பட்டறையில் இறங்குகிறார். அந்தக் காலப் பட்டறை எதிலும் பேச்சு இப்படித்தான் போகும்:

"இக்கா, ஸ்டியரிங் பாக்ஸை மட்டும் கொஞ்சம் டைட் பண்ணிவிட்டுடுங்க. ராத்திரி பொள்ளாச்சிக்குக் கிளம்பணும்."

"அண்ணாச்சி, பாக்ஸ் அவிடெ இருக்கட்டெ. ஆத்யம் ஜாக்கி வைக்கு."

இந்த இரண்டு வரியில் இருநூற்றைம்பது வருஷ வழக்கு அடங்கியிருக்கிறது. டிரைவரின் கையில் படுவது ஸ்டியரிங். அதன் கீழே கண்ணுக்குத் தெரிவது பாக்ஸ். ஆகவே குற்றவாளி பாக்ஸ். மெக்கானிக் இக்காவுக்குத் தெரியும், பெயர் போவது போலவே பழியும் தப்பான ஆளுக்குத்தான் போகும் என்று. பாக்ஸிலிருந்து டிராப் ஆர்ம், அதிலிருந்து டிராக் லிங்க், அதிலிருந்து ஸ்டப் ஆக்சில், அங்கே கிங் பின், அங்கிருந்து டை ராடு, அதன் இரு முனையிலும் பால் ஜாயிண்ட், பிறகு அந்தப் பக்கத்து ஸ்டப் ஆக்சில். ஒவ்வொரு மூட்டிலும் மயிரிழை ஆட்டம் இருந்தால் போதும். எல்லாம் கூடி மேலே வந்து சேரும்போது கால் சுற்று.

இக்கா பின் சக்கரத்துக்குக் கட்டை போட்டு, முன் அச்சை ஜாக்கியில் தூக்குவார். டயரின் மேலே ஒரு கை, கீழே ஒரு கை வைத்து ஆட்டுவார். டக் டக் என்று தட்டும். "பிரேக் சவிட்டு" என்பார். டிரைவர் பிரேக்கை மிதிக்க, ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங் தளர்ச்சி. மிதித்த பிறகும் தட்டினால் கிங் பின் புஷ் போய்விட்டது. அடுத்து டயரின் முன்னும் பின்னும் பிடித்து ஆட்டினால் டை ராடு முனைகளின் குட்டு வெளிப்படும். கடைசியாக வண்டியை இறக்கி, ஒருவர் மேலே உட்கார்ந்து ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் லேசாக அசைக்க, கிளீனர் பையன் அடியில் படுத்து எந்த மூட்டில் அசைவு தொலைகிறது என்று பார்க்க வேண்டும். இந்தப் பரீட்சைக்கு மீட்டர் வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம். கண்ணில் கிரீஸ் விழாத பையன் வேண்டும், அவ்வளவே.

கிங் பின்னைக் கழற்றுவது தனிக் காண்டம். குறுக்கே செருகிய லாக் பின்னை முதலில் தட்டி எடுக்க வேண்டும். கொச்சிக் காயலின் உப்புக் காற்றும் இடவப்பாதி மழையும் சேர்ந்து கிங் பின்னை அச்சோடு ஒட்டவைத்திருக்கும். ராத்திரி முழுக்க மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிடுவார்கள். காலையில் சம்மட்டி. மசியாவிட்டால் கேஸ் வைத்துச் சூடேற்றுவார்கள். அதற்கும் மசியாவிட்டால், கம்பெனியையும், கம்பெனியை ஆரம்பித்தவரையும், அவரைப் பெற்றவரையும் வரிசையாக விசாரிப்பார்கள். பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் பின் நகரும்.

புதுப் புஷ்ஷை அடித்து இறக்கியதும் வேலை முடிந்தது என்று நினைப்பவன் கத்துக்குட்டி. உள்ளே இறங்கும்போது புஷ் நெருக்குண்டு சுருங்கும். ரீமர் போட்டு, மேல் புஷ்ஷும் கீழ்ப் புஷ்ஷும் ஒரே நேர்கோட்டில் வரும்படி, துளித் துளியாக இழைக்க வேண்டும். எண்ணெய் தடவிய பின்னைக் கட்டைவிரலால் அழுத்தினால் இறங்க வேண்டும். விட்டால் தானாக விழக் கூடாது. இறுக்கம் கூடினால் திருப்பிய ஸ்டியரிங் திரும்பி வராது. தளர்ந்தால் பழைய ஆட்டமே மேல். புஷ்ஷின் ஓட்டை கிரீஸ் நிப்பிளுக்கு நேராக இருக்கிறதா என்று பார்க்காமல் அடித்துவிட்டால், பிறகு எத்தனை கிரீஸ் அடித்தாலும் ராஜாவுக்குப் போய்ச் சேராது. மேல்-கீழ் ஆட்டத்துக்குத் தகட்டு ஷிம். இத்தனையும் ஒரு பக்கத்துக்கு. மறு பக்கம் இன்னொரு ராஜா காத்திருக்கிறார்.

அடுத்த குற்றவாளி ஸ்பிரிங் பட்டை. கம்பெனி கணக்குப் பார்த்து இத்தனை பட்டை என்று அடுக்கிக் கொடுத்தான். முதலாளி கணக்கு வேறு. பத்து டன் வண்டியில் பதினைந்து ஏற்ற வேண்டும். "இன்னும் ரெண்டு பட்டை சேர்த்துக் கட்டு." சேர்த்தால் முன்பக்கம் எழும்பும். எழும்பினால் டிராக் லிங்க் சாயும். அச்சு மேலும் கீழும் போகும்போது பட்டையின் வழியில் அது ஒரு வில் போடும், டிராக் லிங்கின் முனை இன்னொரு வில் போடும். இரண்டும் ஒத்துப்போகும்படிதான் கம்பெனி வரைந்திருந்தான். ஒத்துப்போகாவிட்டால் குழியில் விழும்போதெல்லாம் ஸ்டியரிங் தானே திரும்பும். டிரைவர் நேராகப் பிடித்திருக்கிறார், லாரி டீக்கடைக்குள் போகிறது. "வண்டிக்குப் பசி" என்று சமாளிப்பதைத் தவிர வேறு வழியில்லை. கிங் பின்னின் சாய்வைச் சரிசெய்யப் பட்டைக்கும் அச்சுக்கும் இடையில் ஒரு ஆப்பு வைப்பார்கள். தடித்த முனையைத் திருப்பி வைத்துவிட்டால் அது வண்டிக்கு வைத்த ஆப்பு அல்ல.

இனி கொச்சங்காடிக்கே உரிய சிக்கல். முதலாளி கொஞ்சம் பெரிய டயர் போட்டிருப்பார். முழு ஒடிப்பில் அது பட்டையில் உரசும். உரசாமலிருக்க ஒடிப்பைத் தடுக்கும் ஸ்டாப்பர் போல்ட்டை வெளியே இழுத்து வைப்பார்கள். டயர் பிழைத்தது, வண்டியின் திருப்ப வட்டம் பெருத்துவிட்டது. நெடுஞ்சாலையில் ஒருவரும் முழு ஒடிப்பு ஒடிப்பதில்லை. முழு ஒடிப்பு தேவைப்படும் ஒரே இடம் அறுநூறு வருஷத்துச் சந்து. அங்கே போய் லாரி குறுக்கே நின்றுகொள்ள, மூட்டை தூக்குகிறவரும் மீன்காரரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் இரண்டு பக்கமும் சேர, ஒவ்வொருவரும் டிரைவருக்கு ஒவ்வொரு திசையில் ஸ்டியரிங் ஒடிக்கச் சொல்லிக்கொடுப்பார்கள். ஆக்கர்மன் உயிரோடு இருந்திருந்தால் காப்புரிமையைத் திருப்பிக் கொடுத்திருப்பார்.

பாக்ஸ் விஷயத்துக்கு வருவோம். அது முழு நிரபராதி இல்லை. வண்டி பெரும்பாலும் நேராக ஓடுவதால் உள்ளே இருக்கும் திருகுப் பல் நடுவில்தான் தேயும்; ஓரங்களில் புதுசாகவே இருக்கும். மேலே உள்ள ஸ்க்ரூவை முறுக்கினால் நடுவில் ஆட்டம் குறையும். ஓரத்தில் இறுகிப் பிடித்துக்கொள்ளும். டிரைவருக்கு நேர் ரோட்டில் பரம சந்தோஷம். முதல் வளைவில் ஒடித்த ஸ்டியரிங் திரும்ப வராமல் நின்றுவிடும். ஆட்டம் இருந்த வண்டியாவது ஊர் வந்து சேர்ந்தது. இறுகிய வண்டி வாய்க்காலைத் தேடிப் போகும்.

ஆகவே பழைய லாரியோ ஜீப்போ வைத்திருப்பவர்களுக்குச் சொல்வது இது. கீழிருந்து மேலே போங்கள். முதலில் டயர் காற்று, வீல் பேரிங், கிங் பின்; பிறகு பட்டை, யூ போல்ட், ஷேக்கிள் புஷ்; பிறகு டை ராடு, டிராக் லிங்க் முனைகள்; அதற்குப் பிறகு வீல் அலைன்மென்ட். இத்தனையும் முடிந்து இன்னும் ஆட்டம் மிச்சம் இருந்தால் மட்டும் பாக்ஸ் ஸ்க்ரூவில் கை வையுங்கள், அதுவும் கால் திருப்பு. கிரீஸ் கன் விலை கிங் பின் செட்டின் விலையைவிடக் குறைவு. டிராப் ஆர்மிலோ டை ராடிலோ விரிசல் கண்டால் வெல்டிங் வைக்கச் சொல்லாதீர்கள்; புதுசு வாங்கி மாட்டுங்கள். வெல்டிங் விட்டுப்போவது பட்டறை வாசலில் அல்ல, மலைப்பாதை இறக்கத்தில்.